தரங்கம்பாடியில் ஒரு நாள் நடை: கடலும் தண்ணீரும் சொன்ன 400 வருஷக் கதை

1/


வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு எழுதப் போறேன். நீளமான திரெட். டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு (சர்க்கரை கம்மியா) பொறுமையா படிங்க.

ஒரு கடலோர ஊரை, அவசரமே இல்லாம, ஒரே நாளில் நடந்தே பார்ப்பது எப்படின்னு சொல்றேன். அந்த ஊருக்குள்ள மருத்துவத்தோட பெரிய பாடம் ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்தே சொல்றேன்.

2/
எனக்கு ஊர் பழனிக்குப் பக்கத்துல நெய்க்காரப்பட்டி. கரும்பு, வெல்லம், தலையை நிமிர்த்தினா மலை. கடல்னா எங்களுக்கு சினிமாவில் பார்க்கிற சமாச்சாரம்தான்.

கிளினிக்குக்கு வர்ற எல்லாருக்கும் "தினம் அரை மணி நேரம் நடங்க"ன்னு சொல்றது என் பிழைப்பு. போன மாசம் ஒரு பெரியவர் செருப்பை மாட்டிக்கிட்டே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், நீங்க நடக்கறீங்களா?"

பதில் வரலை. மறுநாளே என் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தேன். மூணு மாத சராசரி சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.2. சர்க்கரை நோயின் வாசல்படியில் நிக்கிறேன்.

3/
சரி, நடப்போம். எங்கே?

மனசுல ஒரு ஊர் இருபது வருஷமா நின்னுக்கிட்டே இருந்துச்சு. தரங்கம்பாடி.

2004 டிசம்பர் 26. அப்ப நான் ஹவுஸ் சர்ஜன். சுனாமி வந்த சில நாள்ல எங்க குழுவை நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைக்கு அனுப்பினாங்க. அதில் பாதி நாள் தரங்கம்பாடி, பொறையார் பக்கம்தான். கடலோரமா மஞ்சள் நிறத்துல ஒரு கோட்டை நிக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். ஒரு தடவைகூட நின்னு பார்க்கலை. பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை.

அந்த ஊரை ஒரு நாளாவது ஊராகப் பார்க்கணும்னு இந்த வருஷம்தான் கிளம்பினேன்.

4/
எப்படிப் போறது? மயிலாடுதுறை வரைக்கும் ரயிலோ பஸ்ஸோ. அங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், பஸ் இருக்கு. முன்னாடி மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயிலே ஓடுச்சு, 1980களில் நின்னு போச்சு. 2020 டிசம்பர்ல மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதிலிருந்து தரங்கம்பாடி அந்த மாவட்டத்துல இருக்கு.

பழைய ஊர் ரொம்பச் சின்னது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவா நடந்தாலே கால் மணி நேரம்தான். நடக்கிறதை விட நிக்கிறதுதான் அதிகமா இருக்கும். அதுதான் இந்த ஊரோட சுகம்.

5/
காலை 5.45. கடற்கரை.

முதல்ல ஒரு விஷயத்தை உடைச்சுடறேன். "தரங்கம்பாடியில் ஓசோன் காற்று அதிகம், நுரையீரலுக்கு நல்லது"ன்னு பல பேர் சொல்வாங்க. டீக்கடையில் என்கிட்டயும் சொன்னாங்க.

மக்களே, ஓசோன் மேலே வானத்துல இருக்கும்போதுதான் நமக்கு நண்பன். நாம சுவாசிக்கிற உயரத்துல அது அதிகமானா மூச்சுக்குழாயை எரிச்சல் படுத்தும், ஆஸ்துமாவைக் கூட்டும். கடலோரத்துல மூக்கில் ஏறுற அந்த வாசனை பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் வழியா வர்ற டைமெத்தில் சல்ஃபைடுங்கிற கந்தகச் சேர்மம். ஓசோன் இல்லை.

அப்ப ஏன் அங்க மூச்சு லேசா இருக்கு? புகை கம்மி, தூசி கம்மி, செல்போனைப் பார்க்காம கடலைப் பார்க்கிறோம். போதாதா?

6/
கரையோரமா வடக்கே கொஞ்சம் நடந்தா மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டப்பட்டது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பேர் சடங்கன்பாடி. பின்னாடி அது தரங்கம்பாடி ஆச்சு. தரங்கம்னா அலை.

பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போயிடுச்சு. எழுநூறு வருஷமா கடல் கொஞ்சம் கொஞ்சமா இந்த ஊரைத் தின்னுக்கிட்டே இருக்கு. இப்ப கருங்கல் கொட்டி அலையைத் தடுத்திருக்காங்க. அந்தக் கல் மேல உட்கார்ந்து சூரியன் வர்றதைப் பார்த்தேன்.

"டேனிஷ்காரன் உருவாக்கின ஊர்"னு யாராவது சொன்னா இந்தக் கோயிலைக் காட்டுங்க. அவங்க வர்றதுக்கு 300 வருஷம் முன்னாடியே இங்க ஊர் இருந்துச்சு.

7/
இப்ப தெற்கே திரும்பினா டேன்ஸ்போர்க் கோட்டை. உள்ளே அப்புறம் போவோம். வெளியே மைதானத்துல நின்னு கதையை மட்டும் கேளுங்க.

1618 நவம்பர்ல கோபன்ஹேகனிலிருந்து ஓவே ஜெட்டே என்ற இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கிளம்புச்சு. வயசு 24 கூட ஆகலை. குறி இலங்கை. அங்க எதுவும் சரிப்பட்டு வரலை. கடைசியில் 1620 நவம்பர்ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம். கோட்டை கட்ட, மிளகு வாங்க அனுமதி. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதின கடிதம் இன்னமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு.

தஞ்சாவூர்க்காரர் ஐரோப்பிய மன்னருக்குத் தமிழில் கடிதம் போட்ட காலம் அது.

8/
டாக்டரா எனக்குக் கண்ணில் படறது வேற. அந்தப் பயணம் ஒன்றரை வருஷம். கரையைப் பார்க்கிறதுக்குள்ள ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தாங்க. போர்ல இல்ல. நோய்ல.

மாசக்கணக்கில் உப்புக்கறி, காய்ஞ்ச ரொட்டி, பீப்பாயில் பாசி பிடிச்ச தண்ணி. காய்கறி, பழம் எதுவும் கிடையாது. வைட்டமின் சி இல்லைன்னா ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம்கூடத் திரும்பப் பிளக்கும். இதுதான் ஸ்கர்வி. எலுமிச்சையும் ஆரஞ்சும் இதைத் தீர்க்கும்னு ஜேம்ஸ் லிண்ட் கப்பல்ல சோதிச்சுக் காட்டினது 1747-ல். 130 வருஷம் கழிச்சு.

நம்ம வீட்டு எலுமிச்சை ஊறுகாயை நினைச்சுப் பார்த்தேன்.

9/
இந்தக் கோட்டையில் 1620களில் காவல் காத்த ஒரு சாதாரண சிப்பாய் இருந்தார். ஐஸ்லாந்துக்காரர், யோன் ஓலாஃப்சன். பனித்தீவுல பொறந்து நம்ம வெயில்ல நின்னவர். பீரங்கி மரியாதை செலுத்தும்போது வெடிச்சு, கையெல்லாம் பலத்த காயம். அந்த நிலையில் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்து, முதுமையில் தன் கதையை எழுதி வெச்சார்.

ஆன்டிபயாடிக் இல்லை, மயக்க மருந்து இல்லை, டெட்டனஸ் ஊசி இல்லை. பிழைச்சது ஆச்சரியம். எழுதினது அதைவிட ஆச்சரியம். கவர்னர்கள் எழுதின கணக்குப் புத்தகத்தை விட இந்த மாதிரி ஆட்கள் எழுதினதுதான் ஒரு ஊரை நமக்குக் காட்டும்.

10/
இன்னொரு கதை. இதைக் கேட்டுட்டு நான் மைதானத்துலயே தனியா சிரிச்சேன்.

டென்மார்க் ஐரோப்பாவில் போர்ல மாட்டிக்கிட்டு தரங்கம்பாடியை மறந்தே போச்சு. 1640 வாக்கில் ஆரம்பிச்சு 1669 வரைக்கும், கிட்டத்தட்ட 29 வருஷம், தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல் வரலை! கம்பெனியைக் கலைச்சாச்சு. கோட்டையில் இருந்த டேனிஷ்காரங்க ஒவ்வொருத்தரா செத்தாங்க. கடைசியில் மிஞ்சினது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே.

அந்த மனுஷன் இங்கேயே வாழ்ந்து, உள்ளூர் ஆட்களை வெச்சு கோட்டையைக் காப்பாத்தி, ஊரைச் சுத்திச் சுவரும் எழுப்பினார். 1669-ல் 'ஃபாரோ' என்ற கப்பல் வந்தப்போ கொடி இன்னும் பறந்துக்கிட்டு இருந்துச்சு.

நைட் டியூட்டியில் மாத்திவிட ஆள் வரலைன்னு புலம்புற ஜூனியர் டாக்டர்களுக்கு இந்தப் பகுதி சமர்ப்பணம்.

11/
காலை டிபன் முடிச்சுட்டு (ரெண்டு இட்லி, ஒரு வடை, வடையை வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடாதீங்க) ஊரின் மேற்கு முனைக்கு வாங்க. அங்கதான் நகர வாயில். 1792-ல் கட்டினது. வெள்ளைச் சுவர், கனமான மரக்கதவு. அதுக்குள்ள நுழைஞ்சா ராஜா வீதி நேரா கடலைப் பார்த்து ஓடும்.

ரெண்டு பக்கமும் தூண் வெச்ச பழைய வீடுகள். ரொம்ப அமைதி. ஒரு ஆடு, ஒரு சைக்கிள், ஸ்கூல் போற பசங்க, அவ்வளவுதான் டிராஃபிக். இந்த வீதியை நான் அரை மணி நேரம் எடுத்து நடந்தேன்.

12/
வீதியில் ரெண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701, புது எருசலேம் ஆலயம் 1718. முதலாவது ஐரோப்பியர்களுக்காகக் கட்டினது. ரெண்டாவது தமிழ்ச் சபைக்காக.

புது எருசலேமைக் கட்டினவர் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்க். ஜெர்மன்காரர். 1706 ஜூலை 9-ம் தேதி இங்க வந்து இறங்கும்போது வயசு 24 ஆகறதுக்கு ஒரு நாள் பாக்கி. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல விரலால எழுதித் தமிழ் கத்துக்கிட்டார். டேனிஷ் கவர்னரோடயே சண்டை போட்டு, டேன்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாசம் சிறையில் இருந்தார்.

குறையும் சொல்லணும். இந்த ஆலயத்துக்குள்ளயே சாதி பார்த்துத் தனித்தனியா உட்கார்ந்த வழக்கமும் இருந்துச்சு. கட்டடம் மட்டும் புதுசானா போதாதுங்கிறதுக்கு அது சாட்சி.

13/
சீகன்பால்க் பேர் நம்ம பாடப்புத்தகத்துல வர்றது அச்சுக்காக. 1713-ல் அச்சு எந்திரமும் தமிழ் எழுத்துகளும் ஜெர்மனியிலிருந்து வந்துச்சு. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிஞ்சது. காகிதத்துக்கும் எழுத்துக்கும் பஞ்சம் வந்ததால பொறையார் பக்கம் காகிதம் செய்யவே பட்டறை போட்டாங்க.

வாட்ஸ்அப்பில் "தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்"னு சுத்தும். தப்பு. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்துலயே வந்தாச்சு. தரங்கம்பாடியின் பெருமை வேற. இங்க அச்சு ஒரு தடவை நடந்து நின்னு போகலை, வருஷக்கணக்கா தொடர்ந்துச்சு.

அவர் வாழ்ந்த வீட்டில் இப்ப ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அவசியம் போங்க.

14/
எனக்கு அச்சைவிடப் பிடிச்சது இன்னொரு புத்தகம். அவரோட வேலை பார்த்த யோஹான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் 1711-ல் எழுதின கையெழுத்துப் பிரதி. பேர் 'மலபாரிஷர் மெடிக்கஸ்'. 'தமிழ் வைத்தியர்'னு புரிஞ்சுக்கலாம். அப்ப ஐரோப்பியர்கள் தமிழர்களை மலபார்காரங்கன்னுதான் சொல்வாங்க.

நம்ம ஓலைச்சுவடி வைத்தியத்துல நோய்களை எப்படிப் பிரிக்கிறாங்க, நாடி எப்படிப் பார்க்கிறாங்க, என்ன மருந்து கொடுக்கிறாங்கன்னு கேட்டுக் கேட்டு ஜெர்மன்ல எழுதி ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். 1798-ல் இங்கிருந்த டேனிஷ் சர்ஜன் ஃபோலி, உள்ளூர் வைத்தியர்களின் திறமையைப் பற்றித் தனியாகவே எழுதினார்.

சொல்லிக் கொடுத்த வைத்தியர்களின் பேர் தெருப் பலகை எதிலும் இல்லை. எழுதிக்கிட்டவங்க பேர் இருக்கு.

15/
இப்ப ஆலயத்துக்குள்ள போங்க. சீகன்பால்க் கல்லறை. இறந்தது 1719 பிப்ரவரி 23. வயசு 36. கூடவே கிரண்ட்லர். அடுத்த வருஷமே போயிட்டார், வயசு 42.

சீகன்பால்குக்கு நீண்ட நாள் வயித்துக் கோளாறு, பலவீனம். 300 வருஷம் கழிச்சு நான் நோய் கண்டுபிடிக்கப் போறதில்ல, அது நியாயமும் இல்ல. ஆனா வரிசையைப் பாருங்க.

இந்தச் சாவுகளைப் பார்த்து ஹாலேயிலிருந்து ஒரு முறையான டாக்டரையே அனுப்பினாங்க. 1730-ல் வந்தவர் ஷ்லேகல்மில்க். மத்தவங்களைக் காப்பாத்த வந்த அவரே அதே வருஷம் வயித்துக்கடுப்புல இறந்தார்.

1732-ல் அடுத்தவர், சாமுவேல் பெஞ்சமின் க்னோல். இவர் முப்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சார்.

16/
க்னோலுக்குப் பிறகு 1768-ல் வந்தவர் யோஹான் கெரார்ட் கோனிக். செடிகளுக்கு ரெண்டு சொல்லில் பேர் வைக்கிற முறையை நிலைநாட்டின லின்னேயஸின் நேரடி மாணவர். மருத்துவர் வேலைக்கு வந்து, தென்னிந்தியா முழுக்க அலைஞ்சு செடி சேகரிச்சார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மீன் குழம்பு. முதல்ல எடுத்து ஓரமா வெச்சது கறிவேப்பிலை. அதோட தாவரவியல் பேர் என்ன தெரியுமா? முராயா கோனிகை. அந்த 'கோனிகை' இவர்தான்!

நாம ஓரமா ஒதுக்கி வைக்கிற இலையில் தரங்கம்பாடி டாக்டர் ஒருத்தரின் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு. அன்னிக்கு மட்டும் கறிவேப்பிலையை மென்னு தின்னேன்.

கோனிக் 1785-ல் காக்கிநாடா பக்கம் இறந்தார். எதனால? வயித்துக்கடுப்பு.

17/
சாப்பிட்டதும் வெயில்ல இறங்காதீங்க. ஒரு மரத்தடியில் உட்காருங்க. இன்னொரு குட்டிக் கதை.

கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன் என்று ஒரு பாதிரியார். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்க மீன், சிப்பி, பாம்பு எல்லாம் சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினவர். அவர் பேரைத் தாங்குறது எரிக்ஸ் ஜானி. அதாவது நம்ம மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்புன்னு சொல்வோமே, அதேதான்.

எங்க திண்டுக்கல் பக்கத்துலயும் "இது லட்சக்கணக்கில் போகும், கேன்சர் மருந்து"ன்னு சொல்லி ஏமாத்துற கும்பல் உண்டு. அதுக்கு ரெண்டு தலை கிடையாது, விஷம் கிடையாது, மருந்து குணமும் கிடையாது. பிடிச்சா ஜெயில். விட்டா எலியைத் தின்னு விவசாயிக்கு உதவும்.

18/
சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். கப்பல்ல வந்த பலர், டாக்டர் ஷ்லேகல்மில்க், டாக்டர் கோனிக். இவங்களை எல்லாம் கடல் கொல்லலை. வாள் கொல்லலை. வயிறு கொன்னுச்சு.

அந்தக் கால டாக்டர்களுக்குக் கிருமி தெரியாது. கெட்ட காத்துதான் நோய்க்குக் காரணம்னு நம்பினாங்க. ஏற்கெனவே தண்ணி வத்திப் போன உடம்புக்கு ரத்தத்தை வேற வெட்டி எடுப்பாங்க, பேதி மருந்து கொடுப்பாங்க. பெட்டி பெட்டியா ஹாலேயிலிருந்து மருந்து வந்துச்சு. கிணத்துத் தண்ணியும் கழிவும் கலக்காம பார்த்துக்கணும்கிற அறிவு எந்தப் பெட்டியிலும் வரலை.

காய்ச்சலும் அப்படித்தான். இங்கிருந்து நிக்கோபார் தீவுகளைப் பிடிக்கப் போன டேனிஷ்காரங்க காய்ச்சல்ல கொத்துக் கொத்தா செத்து, திரும்பத் திரும்பக் கைவிட்டாங்க. மலேரியாவைக் கொசுதான் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் காட்டினது 1897-ல்.

19/
லண்டன்ல ஜான் ஸ்னோ தெருப் பம்பையும் காலராவையும் முடிச்சுப் போட்டது 1854. அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, வீட்டுக்கே வர்ற சுலபமான வைத்தியம் கிடைக்க.

1971 வங்கதேசப் போர். எல்லையோர பொங்காவ் அகதிகள் முகாம்ல காலரா. சலைன் பாட்டில் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணியில் கலந்து, அம்மாக்கள் கையிலயே கொடுத்துக் குடிக்க வெச்சார். முப்பது சதவீதத்தைத் தொட்ட இறப்பு நாலு சதவீதத்துக்குக் கீழே வந்துச்சு.

சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனா குடல் தண்ணியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். இன்னிக்கு அது மெடிக்கல் ஷாப்ல ஓஆர்எஸ் பாக்கெட். சீதபேதின்னா கூடவே சரியான ஆன்டிபயாடிக்கும் வேணும். ரெண்டும் சேர்ந்தாலும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைதான்.

அந்த விலைக்கு இல்லாமப் போன உயிர்களும் இந்த ஊர்க் கல்லறைகளில் உண்டு.

20/
மணி நாலு. வெயில் தாழ்ந்தாச்சு. இப்ப கோட்டைக்குள்ள போகலாம்.

கீழே கிடங்குகள், சிறை. மேலே கவர்னர் இருந்த அறைகள், இப்ப தொல்லியல் துறை அருங்காட்சியகம். கிடங்குல மிளகும் துணியும் மட்டும் இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. 17-ம் நூற்றாண்டுல பஞ்சத்துல அடிபட்ட மக்களை அடிமைகளா வாங்கிக் கப்பலேத்தின வியாபாரமும் இந்தக் கரையில் நடந்துச்சு. மேல் தளத்துக் கடல் காத்து சுகமா இருக்கும்போது அதையும் ஒரு நிமிஷம் நினைக்கணும்.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிடுச்சு. ஒப்பந்தத்துல நாயக்கர் இருந்தார், மன்னர் இருந்தார். விற்பனைப் பத்திரத்துல ஊர் மக்கள் இல்லை.

21/
சாயங்காலம் அஞ்சரை. கடைசி நடை, மீனவர் குடியிருப்பு பக்கம். இதைத்தான் நாள் முழுக்கத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. நாங்க வந்தப்போ பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாமே முகாம். ஒரு அறையில் பத்துக் குடும்பம். அழுகைகூட நின்னு போன முகங்கள்.

எங்களுக்கு இருந்த பயம் ஒண்ணுதான். அடுத்தது காலரா.

22/
அப்ப நான் சின்னப் பையன். கைகால் உடைஞ்சவங்களுக்குக் கட்டுப் போடணும், பெரிய ஆபரேஷன் எல்லாம் பார்க்கணும்னு நினைச்சு வந்தேன். என் கையில் கொடுத்தது பிளீச்சிங் பவுடர் வாளியும் குளோரோஸ்கோப்பும்.

தினம் காலையில் ஒவ்வொரு டேங்கா, ஒவ்வொரு குடமா தண்ணி எடுத்துச் சோதிக்கணும். ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகணும். ஆகலைன்னா திரும்ப குளோரின். மதியம் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, வைட்டமின் ஏ சொட்டு. சாயங்காலம் கழிப்பறைப் பள்ளம் வெட்டுற இடத்துல நிக்கணும். "இதுக்கா எம்பிபிஎஸ் படிச்சோம்"னு ஒருநாள் ராத்திரி நண்பன்கிட்ட எரிச்சல் பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

பிணங்களால கொள்ளைநோய் வரும்னு ஊரெல்லாம் பயந்தாங்க. பேரிடர்ல செத்தவங்களால பெரும்பாலும் நோய் பரவாது. உயிரோட இருக்கிறவங்க குடிக்கிற தண்ணியில் கழிவு கலந்தாதான் பரவும்.

தமிழ்நாட்டு முகாம்கள்ல நாங்க பயந்த அந்தக் காலரா வரவே இல்லை. பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பலை.

23/
1730-ல் படிச்ச டாக்டர் ஒருத்தர், மருந்துப் பெட்டியோட, இதே கரையில் இறங்கி அதே வருஷம் வயித்துக்கடுப்புல செத்தார். 2005-ல் இதே கரையில் ஆயிரக்கணக்கான பேர், ஒரே அறையில் பத்துக் குடும்பமா இருந்தும், வயித்தால சாகலை.

நடுவுல என்ன மாறுச்சு? நாங்க ஷ்லேகல்மில்கை விடப் புத்திசாலிகளா? சத்தியமா இல்லை. எங்ககிட்ட பிளீச்சிங் பவுடர் இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலைஞ்ச சுகாதார ஆய்வாளர்களும் கிராமச் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தாங்க.

அன்னிக்கு எரிச்சல் பட்ட வேலைதான் என் வாழ்க்கையில் நான் செஞ்ச பெரிய வைத்தியம்னு எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு. புது எருசலேம் ஆலயத்துல அந்த 36-ங்கிற எண்ணைப் பார்த்தப்போதான் புரிஞ்சுச்சு.

24/
கரையில் வலை சிக்கெடுத்துக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். எந்த ஊர்னு கேட்டார். சொன்னேன். சுனாமிக்கு அப்புறம் வந்த டாக்டர் குழுவில் இருந்தேன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"அப்ப நீங்க குடுத்த தண்ணி மருந்து வாடை அடிக்கும் தம்பி. குடிக்க மாட்டோம்னு சண்டை போட்டோம். ஒரு நர்சம்மா தெனம் வந்து திட்டித் திட்டிக் குடிக்க வெக்கும். அந்தம்மா நல்லாருக்கா?"

எனக்குத் தெரியலைங்க ஐயா, ஆனா கண்டிப்பா விசாரிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். ஊர் திரும்பினதும் பழைய நண்பர்கள் நாலு பேருக்கு போன் போட்டேன். இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

25/
நீங்க போறதா இருந்தா:

நவம்பர், டிசம்பர் புயல் மழையைத் தவிர்த்துட்டு ஜனவரி, பிப்ரவரியில் போங்க. தொப்பி, தண்ணி பாட்டில் ரெண்டு, பையில் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். மதியம் 12 முதல் 3.30 வரை நடக்காதீங்க. சுகர் மாத்திரை எடுக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீங்க, கையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கிறவங்க மணல்ல வெறுங்காலோட நடக்க வேண்டாம். கருங்கல் பக்கம் அலையில் இறங்கவே இறங்காதீங்க.

அன்னிக்கு என் செல்போன் காட்டின கணக்கு 11 ஆயிரத்துச் சொச்சம் அடிகள். ஓடலை, மூச்சு வாங்கலை. வெறும் வேடிக்கை பார்த்து நடந்தது.

26/
இப்ப நெய்க்காரப்பட்டியில் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். மூணு மாசம் கழிச்சு ரத்தத்தைத் திரும்பப் பார்ப்பேன். எண் எதுவா இருந்தாலும் இங்கேயே வந்து சொல்றேன், மறைக்க மாட்டேன்.

அந்தப் பெரியவர் போன வாரம் திரும்ப வந்தார். "இப்ப நடக்கறனுங்க"ன்னு நானே முந்திக்கிட்டுச் சொன்னேன். சிரிச்சுட்டு, "அப்ப இனி நானும் நடக்கறேன்"னு சொல்லிட்டுப் போனார்.

உங்க ஊர்ல தண்ணித் தொட்டியில் குளோரின் போட வர்றவங்களைப் பார்த்தா, "வாடை அடிக்குது"ன்னு திட்டாதீங்க மக்களே. ஒரு டம்ளர் மோர் கொடுங்க.

நடங்க.